கைதட்டல் உனக்கு

எஹலியகொட
22.06.2025

அன்புள்ள தம்பி டெனிஸ்டனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிக்க இன்றைக்கு மனம் வரவில்லை. போனில் சொன்னால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் தாளும் பேனாவும்.

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் படிப்பைப் பற்றிப் பேச உன்னைக் கூப்பிட்டதே நான்தான். வந்தாய், பாதி சிங்களத்தில் பேசினாய். அதில் உன் குற்றம் ஒன்றுமில்லை, அப்பா உன்னை டவுனில் சிங்களப் பள்ளிக்கூடத்தில் அல்லவா சேர்த்தார். நீ "பலய" என்றாய், பக்கத்தில் நின்று நான் "விசை" என்றேன். நீ "சங்யுக்த கணிதய" என்றாய், நான் "இணைந்த கணிதம்" என்றேன். தொண்டை காய்ந்தது எனக்கு. கைதட்டல் உனக்கு!

வருடக்கணக்காக இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். டீச்சர் மாதிரி வரணும் என்று ஒருத்தியாவது சொன்னதில்லை. ஒரு மத்தியானம் நீ வந்து போனதோடு, என் கையால் வளர்ந்த துஷ்யந்தி சொல்கிறாள்: "டீச்சர், நானும் டெனிஸ்டன் சேர் மாதிரி பாலம் கட்டப் போறேன்." நீ மறந்துவிட்டுப் போன வேலைத்தள வெள்ளை ஹெல்மெட்டைப் பள்ளிக்கூட அதிபர் தன் அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறார். பிள்ளைகள் வரிசையில் நின்று போட்டுப் போட்டோ எடுக்கிறார்கள். நான் அதைத் தொடவே இல்லை.

வயிறு எரிகிறது தம்பி. ஓ/எல் பரீட்சையில் கணக்குக்கு ஏ எடுத்தவள்தானே நானும்? தமிழில் கணிதப் பிரிவு படிக்க ஹட்டனுக்குப் போய் ஹொஸ்டலில் தங்கவேண்டும் என்றதும், "பொம்பளப் புள்ளய அவ்வளவு தூரம் எப்புடி விடுறது?" என்று அப்பா முடித்துவிட்டார். நீ வீட்டில் சாப்பிட்டு, தோட்டத்து பஸ்ஸில் போய்வந்தே இன்ஜினியர் ஆகிவிட்டாய்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
அருள்செல்வி


கொழும்பு
30.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பிழை இருந்தால் திட்டாதீர்கள். தமிழ் எழுதப் பழக்கியது நீங்கள், பழியும் உங்களுக்கே.

"பாலம் வுழுந்துருமோன்னு பயமா இருக்காதா சேர்?" என்று துஷ்யந்தி கேட்டாளே, ஞாபகமா? பதில் எனக்குத் தெரியும், ஆனால் தமிழ் வாய்க்கு வரவில்லை. நான் முணுமுணுத்ததை வைத்து நீங்கள் ஒரு பதில் சொன்னீர்கள். பிள்ளைகள் எல்லாரும் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கைதட்டினார்கள் அக்கா, கேட்டது உங்களை.

படிக்கிற காலத்தில் எனக்கும் எரிந்தது. வகுப்பில் நான் ஒருத்தன்தான் தமிழன். தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தால் "சிங்களத்தான்" என்று கேலி. சர்ச்சில் நீங்கள் வேதம் வாசித்தால் மொத்தத் தோட்டமும் கேட்கும், நான் கடைசி வாங்கில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பேன். உங்களுக்கு மட்டும்தான் வயிறு இருக்கிறதா?

அன்புத் தம்பி,
டெனிஸ்டன்


கொழும்பு
24.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இல்லை. கோபம் என்று விளங்குகிறது. கோபம் என்னோடு இருக்கட்டும், இது வேறு விஷயம்.

துஷ்யந்தி எனக்குப் போன் எடுத்து அழுதாள். ஓ/எல் ரிசல்ட்டில் கணக்குக்கு ஏ வந்தும் ஹட்டனுக்கு அனுப்ப மாட்டேன் என்கிறாராம் அவள் அப்பா ஐயாவு அண்ணன். அவள் தம்பி சசியை டவுனில் சிங்களப் பள்ளிக்கூடத்தில் போடுவாராம், இவள் தோட்டத்திலேயே கலைப் பிரிவு படிக்கட்டுமாம். நான் பேசிப் பார்த்தேன். "நீங்க ஆம்பளப் புள்ள, ஒங்களுக்கு என்னா சேர்," என்று போனை வைத்துவிட்டார்.

ஹொஸ்டலில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். நீங்கள் போய்ப் பேசினால்தான் உண்டு. போவீர்களா அக்கா?

டெனிஸ்டன்


எஹலியகொட
17.08.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தும் நான் போகவில்லை. நான் போகாத ஹட்டனுக்கு அவள் மட்டும் ஏன் போகவேண்டும் என்று தோன்றியது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

ஒருநாள் அவளே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "பரவால்ல டீச்சர், நான் ஒங்கள மாதிரியே டீச்சரா வந்துர்றேன்," என்றாள்.

இத்தனை வருடமாக நான் ஆசைப்பட்ட வார்த்தை தம்பி. அதை அந்த முகத்தோடு கேட்க முடியவில்லை. அப்பாவிடம் நானும் அப்படித்தான் பரவால்ல என்று சொன்னேன்.

அன்று சாயந்தரமே ஐயாவு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் கேட்டார்: "டீச்சர், நீங்களுந்தான் போகல. என்னா கொறஞ்சு போச்சு? நல்லாத்தானே இருக்கீங்க?"

"நல்லா இல்லண்ணே," என்றேன். "கூடப் பொறந்தவன் நல்லா இருக்குறதப் பாத்து வயிறு எரியுறவ எப்புடி நல்லா இருப்பா? நாளைக்கு சசியப் பாத்து இவளும் எரியணுமா?"

அடுப்படியிலிருந்து அவர் மனைவிதான் கேட்டார்: "எந்த பஸ்ஸுல போகணும் டீச்சர்?"

போன வாரம் நானும் ஐயாவு அண்ணனும் அவளைக் கூட்டிப்போய் ஹொஸ்டலில் விட்டுவிட்டு வந்தோம். அவிசாவளையில் பஸ் மாறி, கினிகத்தேனையில் தேத்தண்ணீர் குடித்தோம். ஜன்னல் பக்கம் அவளை உட்காரவைத்தேன். என் பொறாமை எங்கேயும் போய்விடவில்லை, டிக்கட் எடுக்காமல் அதுவும் ஹட்டன் வரைக்கும் கூடவே வந்தது. ஹொஸ்டல் வாசலில் அவள் திரும்பிப் பார்த்துக் கையசைத்தபோது அழுகை வந்துவிட்டது. அவளுக்காக அழுதேனா எனக்காக அழுதேனா, தெரியவில்லை.

வருகிற வருடமும் கூட்டம் வைக்கிறோம். நீ கட்டாயம் வா. இந்த முறை நான் பேசுகிறேன், நீ பக்கத்தில் நில்.

நேற்று அதிபர் அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து உன் ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்தேன். எனக்கு அளவாகத்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்காதே, தர மாட்டேன்.

உன் அக்கா,
அருள்செல்வி