எதிர்வீட்டுக் கதவு

மார்ச் 4

எதிர்வீட்டுத் தையல்கார அண்ணனின் மிஷின் சத்தமே இல்லை. அண்ணியிடம் கேட்டேன். "களைப்பும்மா, தூங்குறாரு" என்றார்.

இதே பேச்சை என் வீட்டிலும் நான் பேசியதுதான். விமானம் இறங்க இடம் வேண்டும் என்று எங்கள் தெருவையே பெயர்த்து இந்த அடுக்குமாடியில் அடைத்தார்கள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நாலாவது மாடிக்கு வந்து யார் பஞ்சர் ஒட்டுவார்கள்? பஞ்சர் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்தார். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

இன்னொரு வீட்டிலுமா? விடமாட்டேன்.

மார்ச் 5

அண்ணியிடம் என் பயத்தை உடைத்துச் சொன்னேன். அழுதார். அண்ணி வேலைக்குப் போனதும் அந்த வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கதவைத் திறந்தே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 7

கட்டட மேற்பார்வையாளர் வந்தான். "நடைபாதையில நாற்காலி போடக் கூடாதும்மா. ரூல்ஸ்."

"என் பழைய வீட்டு மேல விமானமே ஓடுது. உன் நடைபாதையில ஒரு நாற்காலி நிக்கக் கூடாதா? போய்யா!"

போய்விட்டான்.

மார்ச் 8

உள்ளேயிருந்து தையல்கார அண்ணன் கத்தினார். "உனக்கு வேற வேலையே இல்லையா?"

"வேலையைச் சாயங்காலத்துக்கு மாத்திக்கிட்டேண்ணே."

"போய்த் தொலை!"

திட்டட்டும். திட்டுகிறவர் உயிரோடு இருக்கிறார்.

மார்ச் 11

கீழே ஓர் அறையில் மனநல டாக்டர் வாராவாரம் வருகிறாராம். அண்ணனிடம் சொன்னேன்.

"எனக்கென்ன பைத்தியமா?"

"பைத்தியம் உனக்கில்லண்ணே, நம்மளப் பேத்துப் போட்டவங்களுக்கு. அவங்க மாத்திரை திங்க மாட்டாங்க. நீயாவது தின்னு."

சிரித்துவிட்டார். இங்கே வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 12

போனோம். அண்ணியும் நானும் ஆளுக்கொரு பக்கம். டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணன் கொட்டித் தீர்த்தார். மாத்திரை எழுதினார்கள். அடுத்த வாரமும் வரவேண்டும்.

நான் எழுந்தேன். அண்ணன் கதவை மறித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, இவ தூங்குறதே இல்ல. சாப்பிடுறதும் இல்ல. இவளையும் பாருங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல, தள்ளுண்ணே."

அவர் நகரவில்லை. டாக்டர் என்ன நடந்தது என்று மெல்லக் கேட்டார். இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லையே — என் வீட்டுக்காரர் ஏன் செத்தார் என்று அதிகாரிகளாகத்தானே முடிவு பண்ணினார்கள்.

உட்கார்ந்தேன். "என் வீட்டுக்காரர் குடும்பத் தகராறுல செத்தாருன்னு சொல்லிட்டுப் போனாங்க டாக்டர். பொய். நான் சொல்றேன், கேளுங்க."