தொட முதல்

என்ர பிள்ளைக்கு,

கம்பசில் நீ கூடவே நின்று தாதி வேலை பழக்கிய உன் ஜூனியர் ஜொய்சி நேற்று ஊர்காவற்றுறைக்கு வந்தாள். "பிறசர் பார்க்கிறன் அங்கிள்" என்றவள், என்னைத் தொட முதல் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கினாள்.

"குளிர்ந்த கையோட ஆரையும் தொடக்கூடாதெண்டு அக்காதான் பழக்கினவ."

"நான் ஐஸ் பெட்டிக்குள்ள கை விடுற மீன்காரன், பிள்ளை. எனக்குக் குளிர் தெரியுமே?" என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை.

டெங்குக் காய்ச்சலோடு நீ கிடந்த ஆஸ்பத்திரி வாட்டிலும் அவள்தான் உன் கையைப் பிடித்திருந்தாளாம். "எவ்வளவு தேய்ச்சும் அக்கான்ர கை சூடாகேல்லை, அங்கிள்" என்று அழுதாள்.

எனக்குப் பிறசர் கூடவாம். உப்பைக் குறைக்கட்டாம். கடலில் கிடப்பவனுக்கு நல்ல புத்தி!

அவள் போனபின் சேமக்காலைக்கு வந்தேன். உன் கல்லறையில் கை வைக்க முதல், விசரன் நான், உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

உன்ர அப்பா