கீழே விட்டுடாதீங்க

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் குறைவில்லாமல் இருக்கிறோம், அம்மாவின் இடது இடுப்பைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் வாண்டுவும் சுகமாக இருக்க வேண்டும், எவ்வளவு கோபம் இருந்தாலும் இதை முதலில் எழுதாமல் பேனா நகரமாட்டேன் என்கிறது. இங்கே பெரிதாகச் செய்தி ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் டைல்ஸ் ஒட்டும் வேலை போன வாரம் முடிந்தது, என் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, எதிர்வீட்டு நாய் இன்னும் என்னைப் பார்த்தால் மட்டும்தான் குரைக்கிறது. திரும்பவும் போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், அதனால்தான் கடிதம்.

போன புதன்கிழமை மாப்பிள்ளை வாண்டுவின் படங்களை அனுப்பினார் இல்லையா, அவற்றோடு தவறுதலாக ஒரு ஆஸ்பத்திரிக் காகிதத்தின் படமும் வந்துவிட்டது. பேத்திக்கு என்னவோ ஏதோ என்று பதறிப்போய் மருந்துக்கடைக்காரரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்துச் சொன்னார், பதினெட்டு மாதமாகியும் தனியாக நிற்கவில்லை, எலும்பிலும் நரம்பிலும் குறையில்லை, தரையில் விட்டுப் பழக்கினால் நடந்துவிடுவாளாம். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த வரியையும் படித்துவிட்டார். ஏழாவது மாதத்திலிருந்து பதினைந்தாவது மாதம்வரை தாத்தா பாட்டியிடம் வளர்ந்த குழந்தை, இடுப்பை விட்டு இறக்கவே இல்லை, தரையில் விடும்படி தாய் பலமுறை சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை. கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

நீ சொன்னது ஒரே ஒரு முறை. குழந்தையை எங்களிடம் விட்டுக் கிளம்பிய அன்று, பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு வாசலில் நின்று, தரை வழவழன்னு இருக்கு, கீழே விட்டுடாதீங்கப்பா என்றாய். அந்தத் தரை உன் கல்யாணத்துக்கு நானே போட்டது, குனிந்தால் முகம் தெரியும், நீயே இரண்டு தடவை வழுக்கி விழுந்திருக்கிறாய். அதனால் உன் வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். எட்டு மாதம் அம்மா ஒரு கையால் சமைத்தாள், ஒரு கையால் துணி உலர்த்தினாள். அவள் குளிக்கப் போனால் என் தோள், நான் சாப்பிட உட்கார்ந்தால் அவள் இடுப்பு. பக்கத்து வீட்டு நர்ஸ் தலைதலையாக அடித்துக்கொண்டாள், கீழே விடுங்க, புரண்டு தவழ்ந்து எதையாவது பிடிச்சு எழுந்தாத்தான் காலுக்குப் பலம் வரும் என்று. பெத்தவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா என்று உனக்காக அவளிடம் சண்டைக்குப் போனேன், இன்றுவரை அவள் என்னோடு பேசுவதில்லை. ஊரெல்லாம் தரை போட்டவன் வீட்டில் பேத்திக்குக் கால் வைக்க ஒரு சாண் தரை இல்லாமல் போயிற்று.

காகிதத்தைப் படித்த கையோடு நான் உனக்குப் போன் செய்தபோது, கைதவறிப் போட்டுடாதீங்கன்னுதான் சொன்னேன், இறக்கியே விடாதீங்கன்னா சொன்னேன் என்று அழுதாய். சரி, நீ ஒன்று சொல்ல நாங்கள் ஒன்று புரிந்துகொண்டோம், ஒத்துக்கொள்கிறேன். பலமுறை சொன்னேன் என்பதில் என்ன இரண்டு அர்த்தம் இருக்கிறது? டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் வெட்கமாகிவிட்டது, பழியைத் தூக்கி எங்கள் தலையில் போட்டுவிட்டாய். பார்வைக்கு நன்றாக ஒட்டியிருக்கும் டைல்ஸைத் தட்டினால் அடியில் ஒன்றுமில்லை என்று சத்தமே சொல்லிவிடும், அந்த வரி எனக்கு அப்படித்தான் கேட்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, வாண்டு நடந்துட்டாளாமா என்று தினமும் கேட்கிறவளிடம் எந்த வாயால் சொல்வேன். துரோகம் என்று எழுதக் கை வரவில்லை, வேறு வார்த்தையும் கிடைக்கவில்லை.

என் தப்பும் ஒன்று இருக்கிறது, அது அந்தக் காகிதத்தில் இல்லை. வாண்டுவுக்குப் பதின்மூன்று மாதம் இருக்கும், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று வேலை நடந்த புது வீட்டுக்கு அவளைத் தூக்கிப் போயிருந்தேன். டைல்ஸ் ஒட்டாத சொரசொரப்பான சிமெண்ட் தரை. தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுக்க ஒரு நிமிஷம் சாக்கை விரித்து உட்காரவைத்துவிட்டுத் திரும்பினால், டைல்ஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு கையை எடுத்தாள், இன்னொரு கையையும் எடுத்தாள், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு எட்டு வைத்தாள். உன் பேச்சை மீறிவிட்டோமே என்ற பயத்தில் பாய்ந்து தூக்கிவிட்டேன். அவள் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது, அதற்குப் பிறகு அவள் எழுந்து நிற்க முயன்றதை நான் பார்க்கவில்லை. அம்மாவிடம்கூட இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

வீட்டு ஹாலில் அந்தப் பளபளப்பை உடைத்தெடுத்துவிட்டேன், நீ அவளை மறுபடி அனுப்புவாயோ மாட்டாயோ, சொரசொரப்பான தரை தயாராக இருக்கும். அதுவரை உன் வீட்டில் நாற்காலிகளை ஒரு முழம் தள்ளித் தள்ளிப் போடு, வெறுங்காலோடு விடு, கையைப் பிடித்து இழுக்காதே, எதிரில் உட்கார்ந்து அவள் வரும்வரை காத்திரு. டாக்டரிடம் உண்மையைச் சொல்லி அந்த வரியைத் திருத்து. எங்களுக்காக இல்லை, நாளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயசு வந்து அவள் அதைப் படித்தால், தாத்தாவும் பாட்டியும் என் காலைக் கட்டிப்போட்டவர்கள் என்றுதான் நினைப்பாள்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருங்கள். அவள் நடக்கும் அன்று முதலில் அம்மாவுக்குச் சொல், எனக்கு அப்புறம் சொன்னால் போதும். இந்தத் தடவை குழப்பம் வேண்டாம், தெளிவாகவே எழுதுகிறேன், அவளைக் கீழே இறக்கி விடு.

இப்படிக்கு,
ஒரே ஒரு நிமிஷம் தவிர உன் சொல்லை மீறாத
அப்பா