மகளின் அறையில் அரிசி மூட்டை

இஞ்சாருங்கோ,

நேரில் சொன்னால் சண்டை வரும் என்பதால் எழுதி வைக்கிறேன். ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் மலிவு என்று நேற்றும் அரிசியும் பருப்பும் தூக்கி வந்திருக்கிறீர்கள். இரண்டு பேருக்கு இவ்வளவு எதற்கு?

படிப்பை விட்டுவிட்டாள் என்று நீங்கள் கத்தியதில் டிலக்சி லில்லெஸ்ட்ரோம் நகருக்குத் தனியே குடிபோனாள். அன்றிலிருந்து அவளுடைய அறை உங்களுக்குக் களஞ்சியம். கட்டில் முழுக்க மீன் டின். மிச்சம் பிடிக்கிறோம் என்கிறீர்கள். பூச்சி பிடித்த கடலையைக் கொட்டுவது நான்தான்.

இன்று போன் எடுத்தாள். "அம்மா, வெள்ளிக்கிழமை வரட்டோ? அப்பா என்னோடை கதைப்பாரோ?"

"ஓம், வா" என்றுவிட்டேன்.

டின்களை நான் ஒதுக்கிவிட்டேன். மூட்டைகளை என்னால் தூக்க முடியாது, நீங்களே வெளியே எடுங்கள். பிறகு ஸ்டேஷனுக்குப் போய் அவளைக் கூட்டி வாருங்கள். என்ன கதைப்பதென்று தெரியாவிட்டால், "சாப்பிட்டியோ" என்று கேளுங்கள். அது போதும்.

களைத்துப்போன,
உங்கள் மனைவி