மத்தியான அரை மணி

ஜன. 20, செவ்வாய்

கடும் குளிர். பால்கனியில் துணி காயவே இல்லை. இவருடைய டிபன் டப்பாவைத் தேய்க்கும்போது மூடியில் வெந்தயக்கீரைப் பரோட்டா வாசனை. நான் கட்டிக் கொடுத்தது புளியோதரை. ஏது இது என்றேன்.

"கூட வேலை பாக்குற நீதா கொண்டுவந்தா. மத்தியானம் ஆபீஸ் புல்வெளியில எல்லாரும் ஒண்ணா உட்காருவோம்ல, வெயிலுக்கு."

உட்காருவார்களாம். வேர்க்கடலை, ஆரஞ்சு, சீட்டாட்டம். நீதா ஸ்வெட்டர் பின்னுவாளாம். சர்க்கார் குமாஸ்தாவுக்கு என்ன குறை! எனக்கு வயிறு எரிந்தது. பசியும்தான்.

கரோல் பாக் புடவைக் கடையில் எங்கள் வழக்கம் வேறு. வாசலில் கஸ்டமர் செருப்பு ஒரு ஜோடி கிடந்தாலும் டப்பாவைத் திறக்கக் கூடாது. கல்யாண சீசனில் வாசல் எங்கே காலியாகிறது? இன்று ஸ்டாக் ரூமில் நின்றபடியே இரண்டு வாய். அதற்குள் முதலாளி லாலாஜி: "வனஜா ஜீ! காஞ்சிபுரம் எடுங்க! ஜல்தி!"

ஜன. 21, புதன்

மூடுபனி. உளுந்து, பினாயில், இவருக்கு சாக்ஸ் வாங்கணும். மறந்தாச்சு.

ராத்திரி கேட்டேன். "ஏங்க, சாப்பிட நேரம் விடணும்னு சட்டம் ஏதாவது இருக்கா?"

"தெரியலையே. கேட்டுச் சொல்றேன்."

யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

ஜன. 22, வியாழன்

ஷூவைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"இருக்காம். கடைகளுக்குன்னு தில்லியில தனிச் சட்டமே இருக்கு. தொடர்ந்து அஞ்சு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது. நடுவுல அரை மணியாவது சாப்பிட, ஓய்வெடுக்க விட்டாகணும். நீதாவோட தங்கச்சி வக்கீல், உடனே போன் போட்டுக் கேட்டா. பாவம், உனக்காக ரொம்ப வருத்தப்பட்டா."

பாவமா! அவள் யார் எனக்காக வருத்தப்பட? என் பசியை எடுத்துப்போய் அந்தப் புல்வெளியில் கடை பரப்பியிருக்கிறார். வீட்டில் "ம்", "சரி"க்கு மேல் வாய் திறக்காத மனுஷர். ராத்திரி நான் வந்ததும் சேர்ந்து சாப்பிடுவோம், அப்போது பேசுகிற நாலு வார்த்தைதான் எனக்கு. அவளுக்கு தினம் ஒரு மத்தியானம்.

அவள் சொன்ன சட்டம் எனக்கு வேண்டாம் என்றுதான் தோன்றியது. ஆனாலும் மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஜன. 24, சனி

இவருக்கு லீவு. எனக்கு ஏது?

லாலாஜியிடம் சாப்பாட்டு அரை மணியைக் கேட்டே விட்டேன். என்னோடு கவுண்டரில் நிற்கும் பெண் கமலேஷ் என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. லாலாஜி கல்லாவிலிருந்து நிமிரவே இல்லை.

"யார் சொன்னது?"

நீதா பேர் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "சட்டம் சொல்லுது" என்றேன்.

"அச்சா. தாராளமா எடுத்துக்கோங்க. ஆனா அந்த அரை மணி வேலையில சேராது. சாயங்காலம் அரை மணி லேட்டாத்தான் விடுவேன்."

கமலேஷ் காதோரம், "சரின்னு சொல்லுங்க தீதி, கால் விட்டுப்போச்சு." சரி என்றேன். மெட்ரோவில் நின்றுகொண்டே வந்தும் உற்சாகம் குறையவில்லை. இனி எவளும் எனக்காகப் பாவப்பட வேண்டாம்.

ஜன. 27, செவ்வாய்

பளீரென்று வெயில். முதல் அரை மணி. வாசல் நிறையச் செருப்பு, நான் மாடிப்படியில் உட்கார்ந்து தயிர் சாதம்! கமலேஷ் முறை எனக்கு அப்புறம். சாப்பிட்டும் நேரம் மிச்சம். இவருக்கு போன் போட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மத்தியானம் பேசியதே கிடையாது.

"என்ன ஆச்சு? உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மாதான். சாப்பிட்டேன்."

பின்னால் ஒரே சிரிப்பு. ஒரு பெண் குரல் இவரை ஆட்டத்துக்கு அவசரப்படுத்தியது.

"நடு ஆட்டத்துல இருக்கேன் வனஜா. ராத்திரி பேசிக்கலாமே?"

சரி என்று வைத்துவிட்டேன்.

அரை மணி லேட்டாகக் கடையைச் சாத்தி, மெட்ரோ பிடித்து, கிட்வாய் நகர் வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் என் தட்டு மூடி வைத்திருந்தது. இவர் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார். எனக்கென்று இருந்த ராத்திரி அரை மணியை நானே வாய் விட்டுக் கேட்டுக் கொடுத்துவிட்டேன். நீதாவின் மத்தியானம் அப்படியே இருக்கிறது.