நாகப்பட்டினத்துக் குழந்தை

ஆரணி
23.1.2005

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். அந்தப் பனியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கப் படவேட்டு ரேணுகாம்பாள் துணை. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, முள்ளிப்பட்டுத் தறிகளுக்குப் பொங்கல் கழிந்து பாவு நூல் கொடுத்தாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். குழந்தை இங்கே இல்லை. நீ அனுப்பிய கவுன்கள் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கின்றன.

சுனாமி வந்த நாலாம் நாள் மாப்பிள்ளையின் அண்ணன், உன் மூத்தார் தணிகாசலம் அரிசியும் பழைய புடவையும் லாரியில் ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் போனார், திரும்பும்போது ஆறு வயதுப் பெண்ணோடு வந்து இறங்கினார். "யாருமில்லாத புள்ள மாமா, ப்ரியாதான் போன்ல கேட்டுகினே இருந்திச்சி, எட்டு வருஷமா கொழந்த இல்லாம கீதே" என்றார். முகாமில் யாரைக் கேட்டார் தெரியுமா? யாரையும் இல்லை. சாப்பாட்டு வரிசையில் தனியாக நின்றதாம், தூக்கி வந்துவிட்டாராம். தெருவில் திரியும் கோழிக்குஞ்சைப் பிடித்தால்கூட யாருடையது என்று நாலு வீட்டில் கேட்போம். தனியாருக்குக் குழந்தையைக் கொடுக்கக் கூடாது என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அது தெரிந்துதான் ஜல்தியாக முடிக்கச் சொன்னாயாமே. அதற்குள் ஸ்வேதா என்று பேர் வேறு. அவள் பேர் பாஞ்சாலை. பெற்றவர்கள் வைத்த பேர்.

உன்னை மட்டும் திட்டி என்ன, இந்த வீட்டு லட்சணத்தையும் கேள். சாவுத் தீட்டு என்று வந்த அன்றே தலைக்கு ஊற்றி, அவள் சட்டையை ஆற்றில் விட்டாள் உன் அம்மா. அதில்தான் முகாம் அட்டையைக் குத்தியிருந்தார்கள். செத்தவர்களைப் பற்றிப் பிள்ளையிடம் கிளறக் கூடாது என்பது நம் வழக்கமாயிற்றே, அவள் "அம்மா" என்று வாயெடுத்த போதெல்லாம் தெருவே ஓடிவந்து "அழுவாத கண்ணு, இந்தா" என்று மிட்டாயைத் திணித்தது. நானும் திணித்தேன். இரண்டு வாரம் இந்தக் கூத்து. பொங்கல் கழித்து ஒரு காலையில் தெருவில் பாவு நீட்டி அறுந்த இழைகளைப் பிணைத்துக்கொண்டிருந்தோம், பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ஓர் இழையை எடுத்து வலைக்குப் போடுகிற முடிச்சாகப் போட்டாள். பெரிய முடிச்சு, தறியில் ஓடாது. யார் கற்றுக் கொடுத்தது என்று சும்மாதான் கேட்டேன். "எங்கம்மா. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில கால்ல கட்டுப் போட்டுப் படுத்திருக்கு. எப்ப கூட்டிட்டுப் போவீங்க?" என்றாள். முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள் ப்ரியா.

மறுநாளே நானும் அம்மாவும் அவளைக் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினோம். உன் மூத்தாரையும் கூப்பிட்டேன், அன்றைக்கென்று அவருக்குக் காய்ச்சலாம். முகாமில் ஓர் அதிகாரி அம்மாள், காணாமல் போனவர்கள் பட்டியலில் அவள் பேரைக் காட்டினார். அத்தையோடு இருந்திருக்கிறாள், அத்தை தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் காணோம். "விக்கிறவனும் தூக்கிட்டுப் போறான், வளக்கிறேன்னு நீங்களும் தூக்கிட்டுப் போறீங்க, நாங்க எங்கன்னு தேடறது?" என்று எல்லார் எதிரிலும் கேட்டார். இந்த வயதில் எனக்கு இது தேவையா? தேவைதான். அவரே எங்களைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார்.

பிள்ளைக்காக நீ படும் பாடு பெற்றவனுக்குத் தெரியாதா, உன்னை நினைத்து உன் அம்மா அழாத நாளில்லை. முறைப்படி மனுப் போடு, எத்தனை வருஷமானாலும் காத்திரு, இங்கே எந்த ஆபீசுக்கும் நான் அலைகிறேன். ஆனால் ஊரே பிணமாகக் கிடந்த இடத்தில் குறுக்கு வழி தேடினாயே, அதுதான் ஆறவில்லை. வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு இதற்காகச் சண்டை போடாதே. இருவரும் நூறு வயது நன்றாக இருங்கள், கோபத்திலும் அதுதான் என் ஆசீர்வாதம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தத் தாய் பிள்ளையை இறுக்கிக்கொண்டு, "கடல்தான் எங்க ரெண்டு புள்ளைய எடுத்துச்சு, இதை நீங்க எதுக்குய்யா எடுத்தீங்க?" என்று கேட்டாள். அவள் விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பதிலை நீ எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
சம்பந்தம்