பழுப்பு மாத்திரை வரிசை

ஏங்க, குழம்பு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. பிளம்பர் வந்தா சமையலறைக் குழாயைக் காட்டுங்க.

காலையில விசிலடிச்சுக்கிட்டே தொட்டிலைப் பரண்லேருந்து இறக்கித் துடைச்சீங்க. நம்ம பையன் போனதுக்கப்புறம் இப்பதான் அந்தச் சத்தம் கேட்டேன். நேர்ல சொல்ல வாய் வரல.

கருத்தடை மாத்திரை அட்டையைப் பாத்திருக்கீங்க. கடைசி வரிசை அப்படியே இருக்கவும், நிறுத்திட்டேன்னு நினைச்சுட்டீங்க. நான் நிறுத்தலைங்க. அந்தப் பழுப்பு மாத்திரை வெறும் இரும்புச் சத்து, எனக்கு வயித்தைப் பிரட்டும்னு விட்டுடுவேன். கருமுட்டை வராம தடுக்கிறது மேல இருக்கிற வெள்ளை மாத்திரைதான். அதுல ஒண்ணுகூட நான் விடல. இன்னிக்குப் புது அட்டையும் ஆரம்பிச்சுட்டேன்.

ஆஸ்பத்திரியிலேருந்து வெறுங்கையோட வந்தவ நான். இன்னொரு தடவை என்னால முடியாது. கொஞ்ச நாள் போகட்டும்னு சொல்லி உங்களை ஏமாத்த மனசில்ல. எப்பவுமே முடியாதுன்னுதான் தோணுது.

நான் வர்றதுக்குள்ள தொட்டிலை மேல ஏத்திடுங்க.

இன்னொண்ணு. தொட்டிலுக்குள்ள கிடந்த துணியை எடுத்துத்தான் துடைச்சிருக்கீங்க. அது அவனுக்குன்னு நான் தெச்ச சட்டை. அலசிக் கொடியில போட்டிருக்கேன். மழை வந்தா எடுத்துடுங்க.